தூக்கிட்டுத் தந்துர்றேன்

இது எனக்கு மூன்றாவது வாயில் வந்த கதை. எனக்குச் சொன்னது பேச்சியம்மாள் சித்தி. சித்தியை முள்ளிச்செவலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் வேலை. சித்திக்குச் சொன்னது அவளுடைய மாமனாரின் அக்கா. அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று சித்திக்குத் தெரியவில்லை. நான் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தடவையும் ஒன்றிரண்டு இடம் மாறியது. மாறிய இடத்தை மாறியது என்றே சொல்லிவிடுகிறேன். நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. சேர்ந்திருந்தால் எனக்குத் தெரியாமல் சேர்ந்தது.

முன்னொரு காலத்தில், கொழும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், முள்ளிச்செவலில் ஆவுடை என்று ஒரு பெண் இருந்தாளாம்.

ஆவுடைக்கு நாலு வயதாகும்போது அவள் ஆத்தா காய்ச்சலில் போய்விட்டாள். கருமாதி முடிந்த அன்று மூத்த மாமன் பெண்டாட்டி வந்தாளாம். தகப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. “கொண்டா, ரெண்டு நாள் வச்சிருந்து தந்துர்றேன்” என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனாளாம். அந்த ரெண்டு நாளில் தகப்பன் கொழும்புக்குப் போய்விட்டான். போனவன் போனவன்தான்.

அதற்கப்புறம் ஆவுடைக்கு ஒரு வீடு கிடையாது, மூன்று வீடு. மூன்று மாமன்கள். ஒரு வெள்ளாமைக்கு ஒரு வீடு என்று பேசிக்கொண்டார்களாம். கம்பு அறுத்ததும் இந்த வீடு, பருத்தி எடுத்ததும் அந்த வீடு. மாறுகிற ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு: “கொண்டா, நான் வச்சிருந்து தந்துர்றேன்.” பிள்ளையைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் யாரும் திருப்பித் தரவில்லை. தருவதற்குத்தான் யாரும் இல்லையே. அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று சித்தி இரண்டு தடவையும் சொன்னாள். கஞ்சி ஊற்றினார்கள். அடிக்கவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் அவளுக்கென்று ஒரு பாய் விரித்தபடி கிடக்கவில்லை.

அதே ஊரில் இருளன் என்று ஒரு பையன். அவன் தகப்பன் சுடலை, வண்டிக்காரன். சுடலைக்குக் கோபம் வந்தால் மகனை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்து வடக்கயிற்றால் கட்டிப் போடுவானாம். காலையில் கட்டினால் மாடு தண்ணிக்குப் போய் வரும்வரை கட்டு அவிழாது. ஊர் பார்த்துக்கொண்டே போகும். தகப்பன் மகனைக் கட்டுவதை யார் கேட்பது? பதினைந்து வயதில் ஒருநாள் கட்டை அவிழ்த்துவிட்டதும் இருளன் நேரே ஊருக்கு மேற்கே நடந்தான். அங்கே ஒரு கிணற்று மேட்டில் ஓலைக் குடிசை ஒன்று போட்டுக்கொண்டான். அப்புறம் அவன் தகப்பன் வாசலை மிதிக்கவில்லை.

இந்த இருளனுக்கு ஆவுடையைக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குப் பதினேழு, அவளுக்குப் பதினைந்து. அந்தக் காலத்தில் அது கட்டிக்கொடுக்கிற வயதே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாமன்மாருக்கு ஒரு பாரம் இறங்கியது. பையன் கேட்டான், கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு உறுத்தியது வயசு இல்லை, இன்னொன்று. எல்லார் வீட்டிலும் சின்னஞ்சிறுசுகள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். ஆனால் எல்லார் வீட்டிலும் மேலே ஒரு மாமியார் இருந்தாள், ஒரு மாமனார் இருந்தார். இந்தக் குடிசையில் அந்த இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை.

பெரியாள் இல்லாத வீடு. அதுதான் ஊர் சொன்ன சொல்.

முதலில் வளையல்காரர் வந்தாராம். வாசலில் பெட்டியை இறக்கிவைத்து, “வீட்ல பெரியாள் யாரும் இல்லையா?” என்று கேட்டார். ஆவுடை “இல்லை” என்றாள். அவர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மருத்துவச்சி கையைக் கழுவிவிட்டு, பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாளாம். “வீட்ல பெரியாள் யாரும் இல்லையா?” ஆவுடை கையை மட்டும் நீட்டினாள். மருத்துவச்சி கொஞ்சநேரம் யோசித்துத்தான் பிள்ளையைக் கொடுத்தாளாம்.

ஊரில் பெண்டுகள் சும்மா இருப்பார்களா. பிள்ளைக்குப் பல் முளைக்கிறதுக்குள்ள ஆத்தாளுக்குக் கடவாய்ப்பல் முளைச்சிருமா பாருங்கடி என்று ஒருத்தி. தூளியில் ரெண்டு பேருக்கும் சேர்த்து இடம் விடச் சொல்லு, ஒரே ஆட்டா ஆட்டிவிட்டுரலாம் என்று இன்னொருத்தி. கிணற்றடியில் இந்தப் பேச்சுத்தான். ஆவுடை குடத்தை வைத்துக்கொண்டு முறை வரும்வரை நிற்பாள். திரும்பப் பேசமாட்டாள். பேசினால் குழந்தைப் பேச்சு என்று அதையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம் அந்தக் காரியம் நடந்தது. பிள்ளைக்கு மூன்று மாதம். பருத்தி எடுக்கிற பருவம். ஆவுடை பிள்ளையைக் காட்டுக்குக் கொண்டுபோய் ஓர் உடைமரத்தில் தூளி கட்டிப் போட்டாள். மரத்தடியில் கட்டெறும்புப் புற்று இருந்ததை அவள் பார்க்கவில்லை. இரண்டு நிரை எடுத்துவிட்டுத் திரும்புகிறாள், பிள்ளை வீறிடுகிறது. ஒரு காலும் வயிறும் தடித்துப் போயிருந்தன. முதல் தடவை சொல்லும்போது சித்தி கட்டெறும்பு என்றாள். இரண்டாவது தடவை தேள் என்றாள். தேள் என்றால் பிள்ளை பிழைத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. எறும்பு என்றே வைத்திருக்கிறேன்.

பிள்ளை பிழைத்தது. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. ஆனால் பேச்சு வடியவில்லை.

அந்த ஊருக்கு நாட்டாமை குருவையா. நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு ஒரே மகள் லிங்கம்மாள். கட்டிக்கொடுத்துப் பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டில் அனுப்பிவிட்டார்கள். அவள் தகப்பன் வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு பேச்சில்லாமல் இருந்தாள். குருவையா யோசித்தார். அங்கே பெரியாள் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை எறும்புக்கு இரையாகக் கிடக்கிறது. இங்கே பெரியாள் இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை இல்லாமல் மகள் கிடக்கிறாள். இரண்டையும் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது. ஆவுடை இன்னும் எத்தனையோ பெற்றுக்கொள்வாள். அவர் நினைத்ததில் சூது இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குக் கஷ்டமாக இருக்கிற இடம்.

ஊர் கூடியது. ஊருக்கு நடுவில் ஒரு மேடு, மேட்டில் ஒரு பட்டைக்கல். நாட்டாமை அந்தக் கல்லில் ஏறி நின்று ஒரு சொல் சொன்னால் அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. அவரே மாற்ற முடியாது. அதனால் அவர் அந்தக் கல்லில் ஏறினால் அளந்துதான் பேசுவார். அன்றும் ஏறி நின்றார். பிள்ளை விஷயத்தில் இன்னொரு முறையும் இருந்தது. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போவதை மடி மாற்றுவது என்பார்கள். பெற்றவள் தன் கையால் தரவேண்டும். பிடுங்கினால் மடி மாறாது.

முதலில் மாமன்மாரைக் கேட்டார்கள். மூத்த மாமன் எழுந்து, எங்களுக்குச் சம்மதம், அவளே எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்றான். மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

அடுத்தது சுடலையைக் கேட்டார்கள். அவன் எழுந்திருக்கக்கூட இல்லையாம். நல்ல இடத்துக்குப் போகுதுன்னா போகட்டும் என்றான். கூட்டத்தில் ஒருவர், சக்கரத்தில் கட்டி வளர்த்த பயல் நாளைக்குத் தன் பிள்ளையையும் சக்கரத்தில்தானே கட்டுவான், இப்பவே கொடுத்துட்டா கயிறு மிச்சம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுடலையும் சிரித்தான்.

இருளன் அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் எழுந்தான்.

“கட்டினது எங்கய்யா. கட்டுப்பட்டுக் கிடந்தது நான். கயிறு எப்படி அறுக்கும்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதனால என் கை கட்டாது.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஊர் முடிவு பண்ணியாகிவிட்டது. வயசில் மூத்தவர் ஒருவர் ஆவுடையைப் பார்த்து, எறும்பு கடித்தது நிஜமா பொய்யா என்று கேட்டார். நிஜம் என்றாள். உன் தப்பா இல்லையா? என் தப்புத்தான் என்றாள். பிறகு என்ன, நீயே சின்னப் பிள்ளை, நீ எங்கே தாயாவது, நாட்டாமை மகள் கையில் கொடு என்றார்.

ஆவுடை பிள்ளையை மாரோடு பிடித்துக்கொண்டு நின்றாள். கொடு கொடு என்று நாலு பக்கமும் சத்தம். பிடுங்கவும் முடியாது, விடவும் முடியாது. அவள் கை தளரவில்லை. பிள்ளை அழ ஆரம்பித்தது. லிங்கம்மாள் கல்லுக்குப் பக்கத்தில் முந்தானையை விரித்து உட்கார்ந்திருக்கிறாள்; அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது குருவையா ஒரு காரியம் செய்தார். சின்னப் பிள்ளைகள் கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்தால் நாம் என்ன சொல்வோம்? பார்த்துட்டுத் தந்துர்றேன் என்று சொல்லி வாங்குவோம். வாங்கிய பிறகு அது நம் கையில் இருக்கும். எல்லாரும் சொல்வதுதான். யாரும் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. குருவையா கல்லில் நின்றபடியே குனிந்து இரண்டு கையையும் நீட்டி, மெதுவாகச் சொன்னாராம்:

“கொண்டா தாயி. தூக்கிட்டுத் தந்துர்றேன்.”

எங்கள் பக்கத்தில் சின்னப் பெண் பிள்ளைகளைத் தாயி என்றுதான் கூப்பிடுவோம். பாவாடை கட்டத் தெரியாத பிள்ளைகூடத் தாயிதான். அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆவுடை ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிள்ளையைக் கொடுத்துவிட்டாள்.

ஊர் மூச்சு விட்டது. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டவர்கள்கூட உண்டு. குருவையா பிள்ளையைத் தூக்கினார். நெற்றியை முகர்ந்தார். லிங்கம்மாள் மடிப்பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் முன்னால் இரண்டு கை நீண்டிருந்தது. ஆவுடை கை.

“தாங்க.”

“என்னத்தா?”

“தூக்கிட்டுத் தந்துர்றேன்னு சொன்னீங்க பெரியய்யா. தூக்கியாச்சு. தாங்க.”

முதலில் ஒருவர் சிரித்தார். அவரைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். பிறகு குருவையா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தாராம். கால் கல்லில் இருந்தது.

மூத்தவர் சட்டென்று குறுக்கே வந்தார். சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்னது ஒரு சொல்லா, அதைப்போய்க் கல்லில் சொன்ன சொல்லோடு சேர்க்கலாமா என்றார். அதுவும் சரிதானே என்று கூட்டம் முனகியது.

ஆவுடை அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையை மடக்கவும் இல்லை. குருவையாவைப் பார்த்தே பேசினாள். இந்த இடத்தைச் சித்தி இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னாள், ஒரு எழுத்து மாறாமல்.

“புள்ளகிட்டச் சொன்னா அது சொல்லு இல்லையா? எங்கத்தை எங்கய்யாகிட்ட இதேதான் சொல்லி என்னைத் தூக்குனாக. ரெண்டாவது அத்தையும் இதேதான். மூணாவது அத்தையும் இதேதான். என்னைத் தூக்குன யாரும் தரல. எறும்பு கடிச்சது என் தப்பு. நாளைக்கு மரத்தடியப் பாத்துக் கட்டுவேன், நான் கத்துக்குவேன். நீங்க சொல்லை மாத்துனா அதை நான் எங்க போயிக் கத்துக்க? தாயின்னு சொன்னீங்க. தந்துர்றேன்னு சொன்னீங்க. ரெண்டுல எது பொய்யின்னு கல்லுலயே நின்னு சொல்லிருங்க, நான் போயிர்றேன்.”

மூன்று மாமன் பெண்டாட்டிமாரும் பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்லவில்லை என்று ஒருத்தியும் மறுக்கவில்லை.

 பிள்ளை குருவையா கையில் அழுதுகொண்டே இருந்தது. அவர் மகளைப் பார்க்கிறார், நீட்டிய கையைப் பார்க்கிறார். எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல ஆள் இல்லை. ஆடு மேயப் போய்த் திரும்பும் நேரம்வரை நின்றார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது கூட்டிச் சொன்னது என்று நினைக்கிறேன்.

கடைசியில் பேசியது லிங்கம்மாள். விரித்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“குடுத்துருங்கய்யா. வாங்குன கையோட குடுத்துருங்க.”

குருவையா கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கல்லிலிருந்து இறங்கினார். அப்புறம் அவர் அந்தக் கல்லில் ஏறவே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஏறினார், ஆனால் அதற்கப்புறம் எந்தப் பெண்ணையும் அங்கே நின்று தாயி என்று கூப்பிடவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கல்லுக்குத் தாயிக்கல் என்று பேர் வந்தது மட்டும் இரண்டு பேச்சிலும் உண்டு.

மறுநாள் காலையில் ஆவுடை குடிசை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். லிங்கம்மாள் வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய். எறும்பு கடித்த தழும்புக்கு. உள்ளே வரவில்லை. பிள்ளை பாயில் கிடக்கிறது. லிங்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே, ஆவுடையைவிடப் பதினைந்து வயது மூத்தவள், நாட்டாமை மகள், வாசலில் நின்று கேட்டாளாம்.

“தூக்கலாமா?”

“தூக்கிட்டுத் தந்துருங்க அக்கா.”

லிங்கம்மாள் தூக்கினாள். எண்ணெய் தடவினாள். கொஞ்சநேரம் மடியில் போட்டிருந்தாள். அப்புறம் ஆவுடை கையில் தந்தாள். மறுநாளும் வந்தாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் தந்தாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவது எப்படி, எந்தச் சளிக்கு எந்த இலை, மரத்தடியில் தூளி கட்டுமுன் தூரைச் சுற்றி எதைப் போட்டால் எறும்பு வராது, எல்லாம் ஆவுடை அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டாளாம். பருத்திக் காலத்தில் பிள்ளை காலையில் லிங்கம்மாள் வீட்டுக்குப் போகும், பொழுது சாய்வதற்குள் திரும்பி வரும். ஒருநாள்கூடத் தப்பவில்லை. மழை பெய்த ஒருநாள்கூட லிங்கம்மாள் பிள்ளையைச் சாக்கில் மூடி, தான் முழுக்க நனைந்து கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள் என்று சொல்கிறார்கள்.

இருளனைப் பற்றியும் ஒன்று சொல்கிறார்கள். பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும்போது கம்பு மாவுப் பானையைக் கவிழ்த்துவிட்டதாம். இருளன் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை மேலேயே நிற்க, அவன் அப்படியே வெளியே நடந்துபோய் வெட்டவெளியில் உச்சி வெயிலில் நின்றான். கை தானாகக் கீழே இறங்கியதும்தான் வீட்டுக்கு வந்தான். அதற்கப்புறம் அடிக்கடி நின்றான். கேலி பேச ஊருக்குப் புதுசாக ஒன்று கிடைத்தது. இருளன் வத்தல் காயுறான் என்பார்களாம். அவன் காய்ந்தான். பிள்ளையை அடிக்கவில்லை. ஐந்து பிள்ளைகள் பெற்று ஐந்தையும் அடிக்காமல் வளர்த்தார்கள். அதில் ஒன்று பெரிய சண்டைக்காரன் ஆனான் என்பதையும் சித்தி மறைக்கவில்லை.

ஊர் கூடியதற்கு அடுத்த வருஷம் வளையல்காரர் மறுபடியும் வந்தாராம். வாசலில் பெட்டியை இறக்கினார். வீட்ல பெரியாள் யாரும் இல்லையா என்று கேட்டார்.

“நான்தான். பெட்டியைத் திறங்க.”

அன்றையிலிருந்து முள்ளிச்செவலில் ஒரு வழக்கம். பெற்றவளைக் கேட்காமல் அவள் பிள்ளையை யாரும் தூக்கமாட்டார்கள். மாமியாராக இருந்தாலும் கேட்க வேண்டும். தாய்மாமன் சீரோடு வந்தாலும் கேட்க வேண்டும். தகப்பனும் முதல் தடவை கேட்டுத்தான் தூக்க வேண்டும். தூக்கலாமா என்பது கேள்வி. தூக்கிட்டுத் தந்துருங்க என்பது பதில். வெளியூரிலிருந்து பெண் எடுக்க வருகிறவர்கள் இந்த ஊர்ப் பெண்களுக்குத் திமிர் என்று பேசிக்கொண்டு போவார்களாம். சொல்லிக்கொள்ளட்டும் என்று சித்தி சொன்னாள். சித்திக்கு இரண்டு பிள்ளைகள்.

கதையில் எது நிஜம், எது கூட்டிச் சொன்னது என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆவுடை பேர் எந்தக் காகிதத்திலாவது இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றுதான். போன மாதம் முள்ளிச்செவல் அங்கன்வாடியில் தடுப்பூசி நாளன்று சித்தியோடு போய் உட்கார்ந்தேன். பதினோரு பேர் பிள்ளையோடு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் தூக்கலாமா என்று கேட்டேன். ஒருத்தி, இப்பத்தான் பால் குடிச்சான், கக்கிருவான், அப்புறம் தூக்குங்க என்றாள். மற்றப் பத்துப் பேரும் தூக்கிட்டுத் தந்துருங்க என்றார்கள். ஆவுடை யார் என்று கேட்டதற்கு மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. தெரியாதவர்களில் கடைசியாக வந்த பெண்ணின் அட்டையில் வயது பத்தொன்பது என்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “நெசத்துல பதினேழு, எழுதணும்னா எழுதிக்கங்க” என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். நான் அதைத் திருப்பித் தரும்வரை அவள் இரண்டு கையும் நீண்டபடியே இருந்தன.